என் கூரைக் கம்பியும் பக்கத்து வீட்டுக் கேட்டும்

இருபத்திரண்டு வருடங்களாக ரேடியோ பலகைகளைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறேன். மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. பலகை வரும், கருவியில் பொருத்துவேன், பச்சை விளக்கு எரிந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். அவை எங்கெங்கோ போய் யார் யாரோ பேசிக்கொள்ள உதவுகின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னிடம் ஒரு வணக்கம் சொன்னதில்லை. நாற்பத்தெட்டாவது வயதில் எனக்கு அது திடீரென்று அநியாயமாகப் பட்டது. இந்த வயதில் மற்ற பெண்களுக்குச் சர்க்கரை வருகிறது, எனக்கு இது வந்தது.

அமெச்சூர் ரேடியோ என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தேர்வு எழுதி லைசன்ஸ் வாங்க வேண்டும். வீட்டில் ஒரு செட், கூரைமேல் ஒரு கம்பி வைக்க வேண்டும். பிறகு முன்பின் தெரியாத ஒருவரைக் காற்றில் கூப்பிட்டு, "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது" என்று சொல்ல வேண்டும். அவரும் அதையே திருப்பிச் சொல்வார். அதற்குமேல் பெரும்பாலும் பேச்சு இருக்காது. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

தேர்வு அறையில் நாற்பது பேர் இருந்தோம். பெண்கள் இரண்டு பேர். இன்னொருத்தி கேள்வித்தாள் கொடுக்க வந்தவள்.

பாஸாகிவிட்டேன். என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். செய்தி கேட்டதும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"நல்லதுலா. இனி யார்கிட்ட பேசுவ?"

"யார் கெடைக்கிறாங்களோ அவங்ககிட்ட."

"என்னா பேசுவ?"

"வானிலை, கம்பி, செட்டு..."

"அப்ப என்கிட்ட பேசுறது மாதிரி இருக்காது" என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது.

எங்கள் வீடு ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் வரிசை வீடு. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். இருபதடி அகலம், முன் கேட்டிலிருந்து பின் சந்து வரை எழுபதடி நீளம். இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வீடுகள். இடது பக்கத்து வீட்டில் தும்மினால் நாங்கள் ஆயுசு நூறு என்று சொல்வோம். இப்படிப்பட்ட இடத்தில் இருபது மீட்டர் நீளக் கம்பியை உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. புத்தகத்தில் போட்டிருந்த படத்தில் ஒரு புல்வெளி, இரண்டு பெரிய மரங்கள், தூரத்தில் ஒரு குதிரை. எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது.

முதலில் அடக்கமாகத்தான் ஆரம்பித்தேன். பின்பக்கத்தில், சமையலறைத் தாழ்வாரத்தின் ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில் கம்பியை இழுத்துக் கட்டினேன். யார் கண்ணிலும் படாது. செட்டோடு சேர்த்து ஒரு மீட்டர் வாங்கியிருந்தேன். நாம் அனுப்பும் சக்தி கம்பி வழியாக வெளியே போகிறதா, அல்லது திரும்பி வந்து செட்டையே சுடுகிறதா என்று அது காட்டும். சனிக்கிழமை காலையில் முள் அழகாகக் கீழே நின்றது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எகிறி மேலே நிற்கிறது. இணைப்புகளைக் கழற்றினேன். பற்று வைத்த இடத்தையெல்லாம் மறுபடி பற்று வைத்தேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தை எல்லாம் கொட்டி இரண்டு மணி நேரம் கோளாறு தேடினேன். கடைசியில் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது கம்பியில் ஈரத் துண்டுகள் நான்கும், என் கணவருடைய கைலிகள் இரண்டும், ஒரு படுக்கை விரிப்பும் தொங்கிக்கொண்டிருந்தன.

"புது கொடி நல்லா ஸ்ட்ரோங்கா இருக்கு" என்றார் அவர். மூன்று வருடமாகக் கொடி கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இவ்வளவு அக்கறையாகக் கட்டிக் கொடுப்பேன் என்று நினைக்கவில்லையாம்.

ஆகவே கம்பி கூரைக்குமேல் போக வேண்டியதாயிற்று.

கம்பம் வாங்கியது தஞ்சோங் டாவாயில். நெத்திலிக் கருவாடு வாங்கப் போகிறோம் என்றுதான் அவரை அழைத்துப் போனேன். அங்கே தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பத்து மீட்டர் கண்ணாடியிழைக் கம்பு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கம்பத்துக்கு அதைவிட நல்லது இல்லை. எடை இல்லை, மின்சாரம் கடத்தாது. கடைக்காரர் மலாய்க்காரர், வயதானவர். நான் கம்பை முழுக்க நீட்டி, உலுக்கி, நுனி வளைவதைப் பார்ப்பதை ஆர்வமாகக் கவனித்தார். என்ன மீனுக்கு என்று கேட்டார். மீனுக்கு இல்லை, வீட்டுக் கூரையில் வைக்க என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கடலைப் பார்த்தார்.

கூரை ஏறும் நாள் வந்தது. என் கணவருக்கு உயரம் ஆகாது. மேசைமேல் ஏறி பல்பு மாற்றினாலே இறங்கி வந்து உட்கார்ந்துவிடுவார். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லோரோங்கில், இந்தச் சின்னத் தெருவில், இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு அக்கா தாமான் கமிட்டிக்குச் செயலாளர். அந்தப் பதவி இல்லாவிட்டாலும் அவர் அப்படித்தான் இருந்திருப்பார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் தங்கச்சி, வீட்ல ஆம்பள இல்லயா?"

"இருக்காருக்கா. கீழ ஏணி புடிச்சிக்கிட்டு இருக்காரு."

"அவர ஏற சொல்லலாம்ல?"

"அப்ப ஏணிய யாருக்கா புடிக்கிறது?"

அவர் அதை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து தன் தங்கையையும் உட்கார வைத்துக்கொண்டார்.

கம்பம் நடுக்கூரையில் நின்றது. அதன் உச்சியிலிருந்து கம்பி இரண்டு பக்கமும் கூரை வாக்கில் சரிந்து இறங்க வேண்டும். பின்முனையைப் பின்சந்துச் சுவரில் கட்டினேன். முன்முனைதான் தொல்லை. என் கேட் தூணுக்கு மேலே தெருவிலிருந்து என் வீட்டுக்கு வரும் மின்கம்பி போகிறது. அதன் அருகில் என் கம்பியைக் கொண்டுபோனால் ஜப்பானுக்குப் பதில் நேராகச் சொர்க்கத்தோடு பேசலாம். நான் கூரைமேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது இடதுபக்கத்து வீட்டு அண்ணன் வெளியே வந்தார்.

அவர் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கிராணியாக, கணக்குப்பிள்ளையாக, இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் குப்பை கொட்டக்கூட வரமாட்டார். அவர் மனைவி இறந்து அப்போது ஒன்பது மாதம். அண்ணி இருந்தவரை அந்த வீட்டிலிருந்து தாளிக்கும் வாசமும் சிரிப்பும் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். அதன் பிறகு தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் சத்தம் மட்டும் வரும்.

"என் தூண்ல கட்டிக்கோம்மா" என்றார்.

"பரவால்லயா அண்ணே?"

"தூணு சும்மாதான நிக்குது."

கட்டினேன். நைலான் கயிற்றால், அவர் கேட்டுக்கு நேர் மேலே. கேட்டைத் திறக்கும் மோட்டார் அந்தத் தூணின் அடியில்தான் இருந்தது. கம்பியின் முனையில்தான் மின்னழுத்தம் அதிகம் என்பது நான் எழுதி பாஸான தேர்வின் கேள்விகளில் ஒன்று. சரியான விடையைத்தான் டிக் செய்திருந்தேன்.

அந்த வாரமே புகார்கள் வந்தன. எதிர்வீட்டு அக்காவுக்குத் தலைவலி. நாலு நாளாக விடாமல் வலிக்கிறது, கதிர்வீச்சுதான், அவர் தங்கை யூடியூப்பில் பார்த்தாளாம். கம்பிக்கும் செட்டுக்கும் நடுவே போக, கூரைவரை எட்டும் நீளக் கேபிள் அப்போது வந்து சேரவில்லை. என் கூரைமேல் இருந்தது ஒரு தூண்டில் கம்பும் கொஞ்சம் செம்புக் கம்பியும்தான். நான் அதைச் சொல்லவில்லை. ஆழ்ந்த கவலையோடு, "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கேபிள் வந்தது. அன்று மாலை முதல் முறையாகச் செட்டை முடுக்கினேன். சனிக்கிழமை அக்கா கடையில் என்னைப் பார்த்து, தலைவலி விட்டுவிட்டது, கமிட்டியில் சொல்லிவிடுவேன் என்று பயந்துதானே நிறுத்திவிட்டாய் என்று கேட்டார். ஆமாக்கா என்றேன்.

பிறகு ஒரு பப்பாளி காய்க்காமல் போனது. மழைநேரத்தில் சட்டி டிவி, அதுதான் கூரையில் சட்டி ஆன்டெனா வைத்துப் பார்க்கும் டிவி, தெரியாமல் போனது. மழைநேரத்தில் சட்டி டிவி தெரியாமல் போவது இந்த நாட்டில் சட்டி வந்த நாள் முதல் நடப்பதுதான். ஆனால் முன்பெல்லாம் அதற்கு ஒரு முகவரி இல்லாமல் இருந்தது. இப்போது என் வீட்டு எண் கிடைத்துவிட்டது. நான் எல்லாரையும் பொறுமையாகக் கேட்டு அனுப்பினேன். உள்ளே வந்து கணவரிடம் ஒவ்வொருவரையும் போல நடித்துக் காட்டினேன். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடித்திருந்தன. முட்டாள்கள் நடுவே ஒரே ஒரு விவரம் தெரிந்தவளாக இருப்பதில் உள்ள சுகம் வேறு எதிலும் கிடைக்காது.

நான் பயன்படுத்திய அலைவரிசை பகலில் செத்துக் கிடக்கும். வெயில் இறங்கினால்தான் தூரத்துக் குரல்கள் எழும். நேரம் கிடைக்கும் நாட்களில் வேலை முடிந்து வந்து, குளித்து, காப்பி குடித்துவிட்டு ஆறரைக்கு மைக்கை எடுப்பேன். ஏழு மணிக்குச் சமையல். அந்த அரை மணி நேரத்தில் இந்தோனேசியாவின் சூராபாயா, மேடான், சில நாள் ஜப்பான். ஒசாகாவில் ஒரு ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என் குரல் நன்றாகக் கேட்கிறது என்று சொன்ன அன்று, அடுப்பில் வைத்த பருப்பு கரியானது. ஒருத்தரும் திட்டவில்லை. என் கணவருக்குப் பயம், எனக்குப் பெருமை.

ஒருநாள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் சுவரோரம் வந்து நின்றார். சொல்ல ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. தோட்டத்து ஆபீஸில் பெரிய துரையிடம் லீவு கேட்கப் போனவர்களும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்லுங்கண்ணே."

"உங்க அண்ணி வர்றா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சாயங்காலம். ஆறரை மணி போல. கேட்டு தன்னால தொறக்குது."

அண்ணி உயிரோடு இருந்தபோது தினமும் மாலையில் விளையாட்டுத் திடலைச் சுற்றி நடந்துவிட்டு ஆறரைக்கு வீடு திரும்புவார். வாசலில் நின்று, "தொறங்க!" என்று ஒரு சத்தம். அண்ணன் கூடத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். இப்போது பொத்தானை அழுத்தாமலே கேட் திறக்கிறதாம். தினமும் இல்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள்.

"ஆட்டோ கேட் ஆள கூப்பிட்டு பாத்தீங்களா? மோட்டர் ரோசாக்கா இருக்கும், கெட்டுப்போயிருக்கும்."

"வந்து பாத்தான். ஒன்னும் இல்லனுட்டான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் டீ கலக்கி வச்சிருவேன். ரெண்டு கப்பு. ஏழு மணிக்கு கேட்ட சாத்திருவேன். அவ்ளோதான்."

உள்ளே வந்து கணவரிடம் சொன்னேன். தனியாக இருந்து மனுசனுக்கு மனம் பேதலித்துவிட்டது, பினாங்கில் இருக்கும் மகளிடம் சொல்ல வேண்டும் என்றேன். நடித்துக் காட்டவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் இருந்தது. ஆனால் நினைத்துக்கொண்டேன், படித்த மனுசன், முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவர், கேட் திறந்தால் பேய் என்கிறாரே என்று. இதை நினைத்தது மின்னணுத் துறையில் இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ள நான்.

அடுத்த சனிக்கிழமை மாலை என் கணவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மாடியறையில் மைக்கைப் பிடித்துப் பொதுவாக அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தேன். அவர் படியேறி வந்து கதவருகில் நின்றார். கையில் சோப்பு நுரை.

"இப்ப கத்துனியா?"

"கத்தல. கூப்பிட்டேன்."

"நீ கூப்பிட்டதும் அவர் கேட்டு தொறந்துச்சு."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கூடத்துப் பொத்தானிலிருந்து தூணடி மோட்டார் வரைக்கும் ஒரு நீள ஒயர் போகிறது. அந்த ஒயருக்கு நேர் மேலே என் கம்பியின் முனை. நான் மைக்கை அழுத்தினால் அந்த ஒயரில் மின்சாரம் துள்ளும். யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்று மோட்டார் நினைத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் இதைத் தடுக்கத்தான் தனியாக ஒரு சோதனையே வைத்திருக்கிறோம். அதற்கு ஸ்டிக்கர் ஒட்டுவதும் நான்தான்.

அண்ணன் கேட்டைச் சாத்தும்வரை காத்திருந்தோம். என் கணவர் வாசலில் போய் நின்றுகொண்டார். நான் மைக்கை ஒரு தடவை அழுத்தி, "ஹலோ" என்றேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"தொறந்துருச்சு!"

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. என் கம்பி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று பெருமைதான் தோன்றியது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவசரமாக வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். அன்று இரண்டாம் முறையாகத் திறந்ததில் அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

அன்றோடு மைக்கைத் தொடுவதை நிறுத்தினேன். அதுதான் நாகரிகமான வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட் திறக்காது, அண்ணன் மெல்ல மறந்துவிடுவார், யாரும் யாருக்கும் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. கோழைத்தனத்தை நாகரிகம் என்று கூப்பிட்டால் அது நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பது நாள் செட்டின்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் அண்ணன் சுவரோரம் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அவ வர்றத நிறுத்திட்டாம்மா."

நான் பூவாளியைச் சாய்த்து அடுத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"போன வாரம் அவ சேலயெல்லாம் எடுத்து ஜித்ரா பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு குடுத்துட்டேன். மவதான் சொல்லிச்சு, சும்மா வச்சிருக்காதீங்கப்பான்னு. அதுல கோவம் போல. கேக்காம குடுத்துட்டேன்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு போயி திருப்பி கேக்கலாம்னு இருக்கேன். குடுப்பாங்களா?"

கிழவிகள் உடுத்தியிருக்கும் சேலையைத் திருப்பிக் கேட்க இந்த மனுசன் வடக்கே ஜித்ராவரைக்கும் காடி ஓட்டிக்கொண்டு போகப் போகிறார். நான் பூவாளியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அது அண்ணி இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, முனை, ஒயர், மோட்டார். இடையில் எங்கேயோ அலைநீளத்தைப் பற்றிக்கூட விளக்க ஆரம்பித்துவிட்டேன். பயம் வந்தால் நான் அப்படித்தான், பாடம் எடுப்பேன். முடித்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த சனிக்கெழமக்கு முன்னாடியும் ஒரு நாளு சாத்துனப்புறம் மறுபடி தொறந்துச்சே? பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாளு."

"அன்னிக்கு ஏழு மணிக்கு மேல ஜப்பான்காரர் ஒருத்தர் என் பேர சரியா வெளங்கலன்னு திருப்பி கேட்டாருண்ணே. மறுபடி சொன்னேன்."

அண்ணன் தலையசைத்தார். வீட்டுக்குள் போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஓங்கி அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரவு சாப்பாட்டில் என் கணவர், "வேற மாதிரி சொல்லிருக்கலாம்" என்றார்.

"எப்பிடி?"

"தெர்ல. ஆனா அலைநீளம் வேணாம்."

மறுநாள் மாலை அண்ணன் எங்கள் கேட்டில் வந்து நின்றார். சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கையில் தினசரி காலண்டரின் கிழித்த தாள்கள், ஒரு கிளிப்பில் மாட்டி. கேட் திறந்த நாளின் தாளையெல்லாம் கிழித்துப் பத்திரப்படுத்தி, ஓரத்தில் மணியும் எழுதியிருந்தார்.

"நீங்க பேசுறத எழுதி வைக்கணும்ல? நோட்டு இருக்கும்ல?"

"இருக்குண்ணே."

"எடுத்துட்டு வாம்மா. சரி பாத்துருவோம்."

எங்கள் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் கணவர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தேதியையும் மணியையும் அவர் வாசித்தார். நான் நோட்டில் விரல் வைத்துத் தேடினேன்.

"ஆறு முப்பத்தி ரெண்டு."

"ஆறு முப்பத்தொன்னு. மேடான்."

டிக்.

"ஆறு நாப்பது."

"சூராபாயா."

டிக். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அந்தக் காலத்தில் இப்படித்தான் சரிபார்த்திருப்பார் என்று தோன்றியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய மனைவியை ஊர் ஊராகப் பிரித்து இந்தோனேசியக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினேழு தாள் ஆயிற்று. வரிசை மாறி அடியில் இருந்த கடைசித் தாள்.

"வியாழக்கெழம. ஆறு இருவத்தெட்டு."

நோட்டில் விரலை ஓட்டினேன். புதன் இருந்தது, வெள்ளி இருந்தது. வியாழக்கிழமை இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"இல்லண்ணே."

"நல்லா பாரு."

"இல்லண்ணே. அன்னிக்கு எழுதல."

எழுதவில்லை என்றுதான் சொன்னேன். பேசவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்கு முப்பத்தைந்து வருடத்தில் அந்த வித்தியாசம் இருந்ததில்லை. பதிவில் இல்லாதவன் அன்று வேலைக்கு வரவில்லை. அவர் அந்தத் தாளில் டிக் போடவில்லை. பேனாவை மூடினார். அதை மட்டும் கிளிப்பிலிருந்து உருவி, இரண்டாக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பதினேழு உங்களுது" என்றார். "இதுங்க இங்கேயே இருக்கட்டும்."

காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

கேட் சாத்தியதும் என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த வியாழக்கெழம நீ பேசுனியே. சூராபாயாக்காரன்கிட்ட. மழ பேஞ்சுச்சு, நான்கூட துணி எடுத்துக்கிட்டு இருந்தேன், எனக்கு கேட்டுச்சு."

"நீங்க கேட்டத நோட்டுல எழுதுனீங்களா?"

"நான் ஏன் எழுதணும்?"

"அப்ப நான் பேசல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டு எழுதுவதில் நான் சுத்தச் சோம்பேறி. சமையலுக்கு நேரமானால் செட்டை அணைத்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவேன். லைசன்ஸ் கொடுத்த ஆணையம் இதற்காக என்னைக் கண்டிக்கலாம். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களின் பட்டியல் பெரியது அல்ல. அதில் முதலிடம் இந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான்.

அடுத்த ஞாயிறு அண்ணனே கூப்பிட்டு மோட்டார் பெட்டியைத் திறந்து காட்டினார். பொத்தானிலிருந்து வரும் ஒயரைக் கறுப்பு வளையம் ஒன்றில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினேன். அது துள்ளி வரும் சக்தியை விழுங்கிவிடும். கம்பியின் முன்முனையையும் அவர் தூணிலிருந்து அவிழ்த்து, என் வீட்டு முகப்பிலேயே ஒரு இரும்புக் கொக்கியில் மடித்துக் கட்டினேன். மீட்டர் முள் முன்பு போல அழகாக நிற்கவில்லை. பிறகு நான் மேலே போய் மைக்கை அழுத்தினேன். ஹலோ, ஹலோ என்றேன். கீழே அண்ணன் கேட்டின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கேட் அசையவில்லை.

"தொறக்கலம்மா" என்று மேலே பார்த்துச் சொன்னார். சோதனை வெற்றி. பச்சை விளக்கு எரிந்தால் எனக்கு வழக்கமாக ஒரு திருப்தி வரும். அன்று வரவில்லை.

எதிர்வீட்டு அக்கா இவ்வளவையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்மேல் புகார் கொடுத்து நான் கம்பியை இறக்கியதாகக் கமிட்டியில் அறிக்கை வாசித்தாராம். அண்ணனும் ஒரு கமிட்டி உறுப்பினர்தான். அப்படி ஒன்றும் இல்லை, கம்பி இன்னும் மேலேதான் இருக்கிறது, வேண்டுமானால் அண்ணாந்து பாருங்கள் என்று அவர் எழுந்து சொன்னதாகக் கேள்வி. அதோடு நிறுத்தாமல் இன்னும் உயரமாகக் கட்டச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னாராம். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது சில சனிக்கிழமைகளில் அவர் எங்கள் மாடியறைக்கு வருகிறார். லைசன்ஸ் இல்லாததால் அவர் பேசக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், நான் பேசி முடித்ததும் என் மலாய் சரியில்லை என்று திருத்துவார். தொழிற்சாலை மலாயாம், மரியாதை இல்லையாம். போன வாரம் மேடான்காரர் கிடைத்தார். குரல் தெளிவாக வந்தது.

"நம்ம கேட்ட சரி பண்ணியாச்சுன்னு சொல்லும்மா" என்றார் அண்ணன்.

சொன்னேன். மேடான்காரர் எந்த கேட் என்று கேட்டார். நான் மைக்கைக் கீழே இறக்கி அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தன் கேட்டைப் பார்த்தார்.

"அது பெரிய கதைலா. அங்க மழையான்னு கேளு."

கேட்டேன். மதியத்திலிருந்து கொட்டுகிறதாம். அண்ணன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் காப்பி இருக்கிறதா என்று என் கணவரைக் கூப்பிட்டார்.